புள்ளியியலில் முனைவர் பட்ட ஆய்வு, அதுவும் விடுபட்ட தரவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்ததிலிருந்து உடன் படிப்பவர்கள், பிற துறை நண்பர்கள், உறவினர்கள், அடுத்த ஆண்டு சேரலாமா என்று யோசிக்கும் இளையவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு துண்டாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளமானவை. பிடித்த விஷயம் வந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

இதற்கு முன் என்ன படித்தீர்கள்?

இளநிலையில் கணிதம், முதுநிலையில் புள்ளியியல். கணிதத்தில் எனக்குப் பிடித்தவை இயற்கணிதமும் மெய்ப் பகுப்பாய்வும். நிகழ்தகவை நான் முதலில் பெரிதாக மதிக்கவில்லை. பகடையும் சீட்டுக்கட்டுமாக இருந்த பாடம் அது. கோல்மகோரோவ் 1933இல் நிகழ்தகவை, நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பொதுமைப்படுத்தும் அளவைக் கோட்பாட்டின் மேல் எழுப்பிய விதத்தைப் படித்த பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினேன். முதுநிலை முடித்ததும் மருத்துவ ஆய்வுகளுக்குத் தரவு பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறு குழுவில் வேலை செய்தேன். ஆய்வுக்கு வந்த கதை அங்கேதான் தொடங்குகிறது.

நல்ல வேலையை விட்டுவிட்டு ஏன் மறுபடியும் மாணவராக வந்தீர்கள்?

நோயாளிகளைப் பல மாதங்கள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வுகளின் தரவு எங்களிடம் வரும். முதல் வருகையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருக்கும். இரண்டாம், மூன்றாம் வருகைகளில் அங்கங்கே ஓட்டை விழும். கடைசி வருகைக்கு வந்தால் பலரைக் காணவே காணோம். இந்த மாதிரி அட்டவணையைப் பெரும்பாலான மென்பொருள்களிடம் கொடுத்தால், காலிக் கட்டம் உள்ள வரிசைகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு மீதியை வைத்துக் கணக்குப் போடும். விடை அழகாக வந்துவிடும், யாருக்கும் சந்தேகம் வராது.

வராமல் போனவர் குணமாகிவிட்டதால் வரவில்லையா, மருந்து ஒத்துக்கொள்ளாமல் நின்றுவிட்டாரா, வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாரா? அட்டவணையில் மூன்றும் ஒரே காலிக் கட்டம்தான். ஆனால் மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு மூன்றும் மூன்று விதமான பதிலைத் தரக்கூடியவை. இதைப் பற்றிப் படிக்கப் படிக்க, வேலை நேரத்துக்குள் முடிகிற விஷயமில்லை என்று புரிந்தது. அதனால் வந்துவிட்டேன்.

புள்ளியியல் என்றால் சராசரி, சதவீதம்தானே? இதில் புதிதாக ஆய்வு செய்ய என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பள்ளியில் நமக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான். சராசரியைக் கணக்கிட யாராலும் முடியும். அந்தச் சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதுதான் புள்ளியியலாளரின் வேலை. புதுவகைத் தரவு வரும்போதெல்லாம் அந்த வேலையின் ஒரு பகுதியைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது.

கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், கையில் நாலைந்து அளவீடுகள் மட்டுமே இருக்கும்போது என்ன செய்வது என்று தவித்ததால் 1908இல் டி-பரவல் பிறந்தது. கணினி கைக்கு வந்ததும் எஃப்ரான் 1979இல், கையில் உள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துப் பிழையை மதிப்பிடும் பூட்ஸ்டிராப் முறையைக் கொண்டுவந்தார். ஆட்களைவிட மாறிகள் அதிகமாக இருக்கும் அட்டவணைகள் பெருகியபோது, தேவையற்ற மாறிகளைக் கழித்துவிடும் டிப்ஷிரானியின் லாஸோ முறை (1996) பரவலானது. இவர்கள் யாரும் உட்கார்ந்த இடத்தில் புதிர் போட்டு விளையாடியவர்கள் இல்லை. தரவு வந்து கழுத்தைப் பிடித்தது, வழி தேடினார்கள்.

உங்கள் ஆர்வம் சரியாக எதில்?

விடுபட்ட தரவில். சேகரித்திருக்க வேண்டியது, ஆனால் சேகரிக்க முடியாமல் போனது. கேள்வித்தாளில் வருமானக் கேள்வியைத் தாண்டிப் போனவர், பாதியில் நின்ற நோயாளி, பழுதான உணர்கருவி, ஆய்வுக் குழு கதவைத் தட்டியும் திறக்காத வீடு எல்லாம் இதில் அடக்கம்.

இதைச் சுற்றி இன்னும் சில ஆர்வங்கள் உண்டு. மாதிரிக் கணக்கெடுப்பு ஒன்று. நாம் அறிய விரும்பும் எல்லாரும் அடங்கிய முழுமைத் தொகுதியில் பெரும்பாலானவர்களைப் பார்க்காமலே அவர்களைப் பற்றிப் பேசும் துணிச்சல் அதில் எனக்குப் பிடிக்கும். வாழ்நாள் பகுப்பாய்வு இன்னொன்று. ஆய்வு முடியும்போதும் ஒருவர் உயிரோடு இருந்தால், அவருடைய வாழ்நாள் ‘இதற்கு மேல்’ என்று மட்டுமே தெரியும். அந்த அரைத் தகவலையும் வீணாக்காமல் பயன்படுத்தும் வழியை கேப்லானும் மெயரும் 1958இல் கொடுத்தார்கள். மூன்றாவது, காரண-விளைவு ஆய்வு. ஒருவர் மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும், சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டில் ஒன்றைத்தான் நம்மால் பார்க்க முடியும். இன்னொன்று எப்போதும் காலிக் கட்டம். அப்படிப் பார்த்தால் நான் சொன்ன எல்லாமே ஒரே பிரச்சினையின் வேறு வேறு முகங்கள்தான்.

காலிக் கட்டம் உள்ள வரிசையை நீக்கிவிட்டால் போதாதா?

சில சமயம் போதும், பல சமயம் போதாது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அடுத்த பதில்களிலும் இதே கணக்கைத்தான் இழுக்கப் போகிறேன், அதனால் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலி மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம். 100 பேர். முதல் வருகையிலேயே 60 பேருக்கு லேசான வலி, 40 பேருக்குக் கடுமையான வலி என்று குறித்துவைத்திருக்கிறோம். மருந்துக்குப் பிறகு லேசான குழுவின் சராசரி வலி 2 புள்ளி, கடுமையான குழுவின் சராசரி 7 புள்ளி. மொத்தச் சராசரி 4. இது உண்மை, ஆனால் நமக்குத் தெரியாத உண்மை. கடைசி வருகைக்கு லேசான குழு முழுவதும் வந்தது, கடுமையான குழுவில் பாதிப்பேர் வரவில்லை. வந்த 20 பேரும் வராத 20 பேரும் ஒரே மாதிரியானவர்கள் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்வோம். காலி வரிசைகளை நீக்கினால் மிஞ்சுவது 80 பேர். அவர்களுடைய சராசரி 3.25.

மருந்து உண்மையைவிட நன்றாக வேலை செய்வதாகத் தெரிகிறது. மருந்து எதுவும் புதிதாகச் செய்துவிடவில்லை, வலி அதிகமுள்ளவர்கள் அட்டவணையிலிருந்து நழுவிவிட்டார்கள், அவ்வளவே.

சரி, சராசரியைப் போட்டு நிரப்பிவிடலாமே?

இதைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். எனக்கு இது நீக்குவதைவிட மோசமாகப் படுகிறது. நீக்கும்போது, தரவு குறைந்துவிட்டது என்ற உறுத்தலாவது இருக்கும். நிரப்பும்போது அதுவும் போய்விடுகிறது.

2, 4, 6, 8 என்று நான்கு எண்கள். சராசரி 5. சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 20, நான்கால் வகுத்தால் 5, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு இது. இப்போது காணாமல் போன நான்கு பேருக்கும் 5, 5, 5, 5 என்று எழுதுங்கள். சராசரி மாறவில்லை. வர்க்கங்களின் கூட்டலும் மாறவில்லை. ஆனால் இப்போது எட்டால் வகுக்கிறோம், சிதறல் 2.5 ஆகப் பாதியாகிவிட்டது. புதிதாக ஒரு தகவலும் வரவில்லை, ஆனாலும் நம்பிக்கை இடைவெளி (விடை இருக்கக்கூடிய எல்லை) சுருங்கும், பி-மதிப்பு (விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) இறங்கும், முடிவு ‘குறிப்பிடத்தக்கது’ என்று அறிக்கையில் ஏறும். இரண்டு மாறிகளுக்கு இடையே உள்ள ஒட்டுறவும் இதே போக்கில் மழுங்கும்.

மருத்துவ ஆய்வுகளில் இதற்கு ஒரு தம்பி உண்டு. நோயாளி கடைசியாக வந்தபோது எடுத்த அளவையே இறுதிவரை நீட்டிப் போடுவது. பல காலம் வழக்கத்தில் இருந்த முறை. நின்றுபோன நாளோடு அவருடைய நோயும் அசையாமல் நின்றுவிட்டது என்று கருதச் சொல்கிறது. மோசமாகிக்கொண்டே போகும் நோய்களில் இது என்ன செய்யும் என்று நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

மூன்று வகை என்கிறார்களே, அது என்ன?

டொனால்ட் ரூபின் 1976இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த வகைப்பாடு. அதற்கு முன்பும் மக்கள் ஓட்டைகளை அடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். எந்த நிபந்தனையில் ஓட்டை ஏன் உண்டானது என்பதைக் கண்டுகொள்ளாமல் விடலாம், எப்போது விடக் கூடாது என்று கணிதமாகக் கேட்டவர் அவர்.

முதல் வகை, முற்றிலும் சமவாய்ப்பாக விடுபட்டது. ஆய்வகத்தில் சில குழாய்கள் கை தவறி உடைந்தன என்று வையுங்கள். உடைந்ததற்கும் உள்ளே இருந்த அளவுக்கும் சம்பந்தமில்லை. இங்கே வரிசைகளை நீக்கினால் முடிவு கோணாது, துல்லியம் மட்டும் குறையும். நிஜ வாழ்க்கையில் இது அரிது.

இரண்டாவது, நம் கையில் இருக்கும் தகவலை வைத்து விளக்கக்கூடிய விடுபடல். மேலே சொன்ன வலிக் கணக்கு அப்படிப்பட்டது. கடுமையான குழுவில் பாதிப்பேர் வரவில்லை, ஆனால் யார் எந்தக் குழு என்பது முதல் வருகையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதனால் வந்த 20 பேரில் ஒவ்வொருவரையும் இரண்டு பேராக எண்ணினால் சராசரி மறுபடி 4க்கு வந்துவிடும். வருவதற்கு இருந்த வாய்ப்பின் தலைகீழை எடையாகத் தருவதுதான் இது. கணக்கெடுப்பில் ஹார்விட்ஸ், தாம்ஸன் இருவரும் 1952இல் எழுதிய மதிப்பீட்டு முறையின் அடிப்படையும் இதே.

மூன்றாவதுதான் என் தூக்கத்தைக் கெடுப்பது. விடுபட்டதற்குக் காரணம் அந்த விடுபட்ட மதிப்பேதான். வலி தாங்காதவர் வலியை அளக்க வரவில்லை. வருமானம் மிக அதிகமானவர் வருமானக் கேள்வியைத் தாண்டிவிட்டார். அதே கணக்கில் வந்த 20 பேரின் சராசரி 6, வராத 20 பேரின் சராசரி 8 என்று மாற்றுங்கள். முழு உண்மை இப்போதும் 4. வரிசைகளை நீக்கினால் 3. எடை போட்டுத் திருத்தினாலும் 3.6தான் வருகிறது. மீதி 0.4 புள்ளி நம் கண்ணில் படாமலே போய்விட்டது.

எந்த வகை என்று தரவை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

முதல் வகையா இல்லையா என்று ஓரளவு சோதிக்கலாம். இரண்டாவதா மூன்றாவதா என்று கையில் உள்ள தரவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ‘இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமான சோதனை இருந்தால் கண்டுபிடித்துவிடலாம்’ என்று நம்புகிறவர்களை நிறையச் சந்திக்கிறேன். ஆனால் மூன்றாம் வகையைச் சேர்ந்த எந்த மாடலை எடுத்துக்கொண்டாலும், கிடைத்த தரவுக்கு அதே அளவு பொருந்தும் ஓர் இரண்டாம் வகை மாடலைக் கட்ட முடியும் என்று மோலன்பெர்க்ஸும் அவருடைய சகாக்களும் 2008இல் நிறுவினார்கள். இரண்டும் கிடைத்த தரவில் அச்சாக ஒன்றுபோல இருக்கும், வேறுபாடு காணாமல் போன தரவில்தான். அதுதான் நம்மிடம் இல்லையே.

அப்புறம் என்ன செய்வது? அனுமானத்தை வெளிப்படையாக வைத்து, அதை அசைத்துப் பார்க்கலாம். நம் கணக்கில், வராதவர்கள் வந்தவர்களைவிடச் சராசரியாக 0, 1, 2 புள்ளி அதிக வலியில் இருந்தார்கள் என்று வரிசையாகக் கருதிக்கொண்டால் மொத்தச் சராசரி 3.6, 3.8, 4.0 என்று நகரும். இதோடு மருத்துவரிடம் போய், ‘இதில் எது நடக்கக்கூடியது?’ என்று கேட்கலாம். எந்தப் புள்ளியில் மருந்து பற்றிய நம் முடிவு கவிழ்கிறது என்றும் பார்க்கலாம். அந்தப் புள்ளி நம்ப முடியாத தூரத்தில் இருந்தால் நிம்மதி. பக்கத்திலேயே இருந்தால் அதையும் அறிக்கையில் சொல்லிவிட வேண்டும். உணர்திறன் பகுப்பாய்வு என்பது இதுதான். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் மருத்துவச் சோதனைகளில் விடுபடும் தரவு பற்றி 2010இல் வெளியிட்ட அறிக்கையும் இதை வற்புறுத்துகிறது. அதைவிட முக்கியமாக, முதலில் தரவு விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறது. பகுப்பாய்வு செய்பவர்கள் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

என் ஆய்வு இந்த இடத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒருவரைப் பலமுறை அளக்கும் ஆய்வுகளில் எந்த அனுமானத்தை எவ்வளவு அசைப்பது, அந்த அசைவை மருத்துவருக்கும் புரியும் அலகில் எப்படிச் சொல்வது என்ற கேள்விகள். தலைப்பு இன்னும் முடிவாகவில்லை.

அப்படியானால் நிரப்புவதே தவறா?

ஒரே ஒரு தடவை நிரப்பிவிட்டு அதை உண்மை என்று நம்புவதுதான் தவறு. ரூபினின் பல்முறை நிரப்பல் இதைத்தான் சரிசெய்தது. ஒரு காலிக் கட்டத்துக்கு ஒரு மதிப்பு வைக்காமல், மற்றத் தகவல்கள் அனுமதிக்கும் பரவலிலிருந்து பல மதிப்புகளை எடுத்து, பல முழு அட்டவணைகள் செய்கிறோம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பகுப்பாய்வு செய்கிறோம். மதிப்பீடுகளின் சராசரி நம் விடை. அதன் பிழையில் இரண்டு பங்கு இருக்கும். ஒவ்வோர் அட்டவணைக்கு உள்ளேயும் இருக்கும் பிழை ஒன்று, அட்டவணைக்கு அட்டவணை விடை தாவும் அளவு மற்றொன்று. அட்டவணைகளின் எண்ணிக்கை எம் என்றால், இரண்டாவது பங்கை 1 + 1/எம் ஆல் பெருக்கி முதலாவதோடு கூட்ட வேண்டும். ஐந்து அட்டவணை என்றால் 1.2, இருபது என்றால் 1.05. நமக்குத் தெரியாததன் அளவு அந்தத் தாவலில் வெளிப்பட்டுவிடுகிறது, ஒளித்துவைக்க வழியில்லை. என்னை இந்தத் துறைக்கு இழுத்தது இந்தச் சூத்திரம்தான் என்று சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் மூன்று முதல் ஐந்து அட்டவணை போதும் என்றார்கள். கணினி வேகம் கூடிவிட்ட இப்போது, முழுமையில்லாத வரிசைகள் எத்தனை சதவீதமோ குறைந்தது அத்தனை அட்டவணை என்பது பலர் பின்பற்றும் கைக்கணக்கு.

தரவு கோடிக்கணக்கில் இருந்தால் இந்தச் சிக்கல் கரைந்துவிடாதா?

கரையாது. சொல்லப்போனால் இன்னும் ஆபத்து, ஏனென்றால் தவறான விடையின்மேல் நம்பிக்கை கூடிவிடும்.

பழைய உதாரணம் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் இதழ் ஏறக்குறைய 1 கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் 57 சதவீதம் பெறுவார் என்றது இதழ். ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீதம் வாக்குகளோடு 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசி, கார் வைத்திருந்தவர்களின் பட்டியலிலிருந்து முகவரி எடுத்ததுதான் காரணம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். அது பாதிக் கதை. சீட்டு கிடைத்தும் திருப்பி அனுப்பாதவர்கள் அனுப்பியவர்களிடமிருந்து வேறுபட்டார்கள் என்பது மீதிப் பாதி, அதாவது என் துறை.

புதிய உதாரணம் 2021. அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி போட்டவர்களின் விகிதத்தை அறிய முகநூல் வழியாக வாரந்தோறும் சுமார் 2,50,000 பேரிடம் கேட்ட ஆய்வு ஒன்று, மே மாத நிலவரப்படி உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் அதிகமாகக் காட்டியது. ஏறக்குறைய 1,000 பேரைக் கவனமாகத் தேர்ந்து கேட்ட இன்னொரு கணக்கெடுப்பு உண்மைக்கு நெருங்கி வந்தது. இதை நேச்சர் இதழில் விரித்து எழுதிய குழுவில் இருந்த ஷியாவ்-லி மெங் 2018லேயே இந்த இழப்புக்குக் கணக்குப் போட்டிருந்தார். ஒருவர் பதில் சொல்வதற்கும் அவர் சொல்லும் பதிலுக்கும் இடையே 0.005 அளவு ஒட்டுறவு இருந்தாலே போதும், 23 லட்சம் பேரின் தரவு சுமார் 400 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரியின் மதிப்புக்கு இறங்கிவிடும். 0.005ஐ யாரும் வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் போர் விமானக் கதை தெரியுமா?

தெரியும். வாரம் ஒருவராவது சொல்கிறார். இரண்டாம் உலகப் போரில் திரும்பி வந்த விமானங்களில் எங்கே குண்டுத் துளைகள் அதிகமோ அங்கே கவசம் போடலாம் என்று படையினர் நினைக்க, துளை இல்லாத இடத்தில் போடுங்கள், அங்கே அடிபட்டவைதான் திரும்பவில்லை என்று புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் சொன்னாராம். அடிப்படை யோசனை அவருடையதே. ஆனால் நாடக வசனம் பின்னால் சேர்ந்தது. வால்ட் 1943இல் எழுதியவை சூத்திரங்கள் நிறைந்த தொழில்நுட்பக் குறிப்புகள். திரும்பிய விமானங்களின் சேதத்தை மட்டும் வைத்து, ஒரு குறிப்பிட்ட பாகத்தில் அடிபட்டால் விழும் வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் வழி அவற்றில் இருக்கிறது. எல்லாரும் பகிரும் சிவப்புப் புள்ளி விமானப் படமும் பிற்காலத்தில் விளக்கத்துக்காக வரைந்ததுதான், போர்க்காலத் தரவு அன்று.

கதையைவிட அந்தக் குறிப்புகள்தான் சுவாரசியம். கிடைக்காத தரவைப் பற்றி எதை அனுமானிக்கிறேன் என்று மனிதர் முதலிலேயே எழுதிவிட்டுத்தான் கணக்கைத் தொடங்குகிறார். விரிவுரைப் பயணமாக இந்தியா வந்த வால்ட் 1950 டிசம்பரில் நீலகிரி மலைப்பகுதியில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். விமானக் கதையைச் சொல்பவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

மெஷின் லேர்னிங் வந்த பிறகு புள்ளியியல் எதற்கு?

நானும் அதைப் பயன்படுத்துகிறேன். காலிக் கட்டத்துக்கு மதிப்பை முன்கணிப்பதில், பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் மரக்காடு முறைகளும் நரம்பு வலைப்பின்னல்களும் நன்றாகவே வேலை செய்கின்றன. ஆனால் கட்டத்தில் இருந்த எண்ணைத் துல்லியமாக ஊகிப்பது என் குறிக்கோளே அன்று. ஊகத்தில் எவ்வளவு நிச்சயமின்மை இருக்கிறதோ அதை இறுதி முடிவுவரை கொண்டுசெல்ல வேண்டும். முன்கணிப்பில் பரிசு வாங்கும் முறை பரவலைச் சுருக்கிக் காட்டலாம். சராசரியைப் போட்டு நிரப்பும் அதே பழைய பிழைதான், உடை மட்டும் புதிது.

பேய்சியனா, பிரீக்வென்டிஸ்ட்டா?

நிகழ்தகவை நம்பிக்கையின் அளவாகப் பார்ப்பவர்கள் பேய்சியன்கள், பலமுறை திரும்பச் செய்தால் எவ்வளவு அடிக்கடி நடக்கும் என்று பார்ப்பவர்கள் பிரீக்வென்டிஸ்ட்டுகள். எனக்கு இந்தச் சண்டையில் அவ்வளவு ருசியில்லை. பல்முறை நிரப்பலில் மதிப்புகளை எடுப்பது பேய்சிய யோசனை, அந்த முறை எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிப்பது பிரீக்வென்டிஸ்ட் பாணி. இரண்டும் ஒரே குடும்பத்தில் நிம்மதியாக இருக்கின்றன.

என்ன கணிதம் தெரிந்திருக்க வேண்டும்?

நேரியல் இயற்கணிதம். இதைத்தான் முதலில் சொல்வேன், ஒரு மாறியை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் தொடர்புப் போக்கிலிருந்து எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. பல மாறி நுண்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, நிகழ்தகவு அடுத்தவை. அளவைக் கோட்பாட்டை, ஆய்வுக்குச் சேர்ந்த பிறகு கற்றுக்கொள்ளலாம். ஆனால் முதல் ஆண்டிலேயே மேலே விழும், கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. நிரல் எழுதத் தெரியாமல் இன்று புள்ளியியல் ஆய்வு செய்வது மிகவும் கடினம்.

எந்த மென்பொருள்?

பெரும்பாலும் ஆர் என்ற நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இஹாக்காவும் ஜென்டில்மேனும் தொடங்கியது, 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29இல் வந்தது. நிரப்பலுக்கு அதில் மைஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. பைத்தானும் எழுதுவேன். எதில் எழுதினாலும், எத்தனை வரிசைகள் ஒதுக்கப்பட்டன என்று முதலில் அச்சிட வைத்துவிடுவேன்.

முதல் ஆண்டில் என்ன செய்கிறீர்கள்?

பாடங்கள், வீட்டுக் கணக்குகள், தகுதித் தேர்வுக்குத் தயாரிப்பு. ஆய்வு என்று பெருமையாகச் சொல்ல இன்னும் ஒன்றுமில்லை. கூடவே வாரம் ஒரு கட்டுரை படித்து, அதிலுள்ள உருவகப்படுத்தலை (கணினியில் செயற்கைத் தரவு உண்டாக்கி முறையைச் சோதிப்பதை) நானே நிரல் எழுதி மறுபடி செய்து பார்க்கிறேன். கட்டுரை சொல்லும் முறை எங்கே உடைகிறது என்று அதில்தான் தெரியவருகிறது. கட்டுரை எழுதியவர்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் அட்டவணையில் போடமாட்டார்கள்.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நான் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் பேராசிரியரின் கட்டுரைப் பட்டியலைப் பார்ப்பதைவிட அவரிடம் மூன்றாம், நான்காம் ஆண்டில் இருக்கும் மாணவர்களோடு பேசுவது உதவுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார், அனுப்பிய வரைவைப் படிக்கிறாரா, மாணவர் சொல்வது தவறு என்றால் எப்படிச் சொல்கிறார் என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலோர் ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

முடித்த பிறகு?

பல்கலைக்கழகம், மருத்துவ ஆய்வு நிறுவனம், அரசுப் புள்ளியியல் துறை எல்லாம் திறந்திருக்கும் கதவுகள். எனக்கு இப்போதைக்கு மருத்துவ ஆய்வின் பக்கம் சாய்வு. இன்னும் ஓர் ஆண்டு கழித்துக் கேளுங்கள்.

என்னிடம் ஒரு தரவு இருக்கிறது, பார்த்துச் சொல்வீர்களா?

சொல்வேன், மகிழ்ச்சியாகவே. சேகரிக்கத் தொடங்கும் முன்பே வந்தால் இன்னும் மகிழ்ச்சி. 1938இல் முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில், நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிஷர், சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பல சமயம் பிரேதப் பரிசோதனை கேட்பது போலத்தான் என்றார். எதனால் செத்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எப்போது வந்தாலும் அட்டவணையோடு ஒரு தாள் சேர்த்துக் கொடுங்கள். எந்தக் கட்டம் ஏன் காலி என்று உங்களுக்குத் தெரிந்ததை அதில் எழுதுங்கள். ‘கருவி பழுது’, ‘பதில் சொல்ல மறுத்தார்’, ‘அன்று கேட்கவே இல்லை’ என்று அரை வரி போதும். காலியை 0 என்று மட்டும் எழுதாதீர்கள். வயது நிரலில் 99 என்று இருந்தால், அது 99 வயதா அல்லது பதில் இல்லை என்பதற்கு நீங்கள் வைத்த குறியா என்பதையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்.